‘எவ்ரிஒன்’ போடுவதற்கு முன்னால்

ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லை என்று யாராவது சொன்னால் பக்கத்தில் இருப்பவர் உடனே சொல்லும் யோசனை, ‘எவ்ரிஒன்’, அதாவது எல்லோரும், என்று சேர்த்து ஃபுல் கன்ட்ரோலில் டிக் அடித்துவிடுங்கள் என்பதுதான். லினக்ஸ் பழகியவர்கள் அதையே 777 என்பார்கள் (எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுக்கும் எண்). திறந்துவிடும், உண்மைதான். ஆனால் ஏன் திறக்கவில்லை என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். அடுத்த மாதம் வேறு யாருக்கோ வேறு ஏதோ திறக்காது. இல்லையென்றால் திறக்கக் கூடாதவருக்குத் திறக்கும். காரைக்குடியைச் சுற்றி நெட்வொர்க் வேலை பார்க்கிற எனக்கு இந்த யோசனை மீது உண்மையாகவே கோபம் உண்டு. அதனால் கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் பார்த்த வேலையைக் கொஞ்சம் விரிவாக எழுதிவைக்கிறேன். இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவும்.

அந்த வீடு பங்காளிகளுக்குப் பொதுவானது. பெரும்பாலோர் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். வீட்டோடு இருப்பது ஆச்சி. கணக்கு எழுதக் கணக்கப்பிள்ளை வந்து போகிறார். முகப்பை ஒட்டிய அறையில் இரண்டு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியாக எல்லோரும் ஃபைல் வைத்து எடுக்கும் சேமிப்புப் பெட்டி) ஒன்று இருக்கிறது. ஒரு டிஸ்க்கில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும் ஏற்பாடு. (அந்தச் சுவர்களைத் தாண்டி வைஃபை போகாது. இரண்டாம் கட்டு வரை கேபிள் இழுத்துத்தான் கொடுத்திருக்கிறோம்.) பெட்டிக்குள் மராமத்து வரவு செலவு, வேலையாட்கள் சம்பளம், கோயில் புள்ளி வரி ரசீதுகள் (புள்ளி என்றால் கல்யாணமான ஒரு குடும்பம்) எல்லாம் உண்டு. அதைவிட முக்கியம், ஸ்கேன் செய்த பழைய தாள்கள். 1942-இல் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தபோது விட்டுவந்தது போக மிஞ்சிய பேரேடுகள், சிட்டைகள், ஐந்தொகைகள் என்ற பழைய கணக்கு ஏடுகள். அப்புறம் பல தலைமுறைக் கல்யாணங்களின் இசைகுடிமானம் என்ற ஒப்பந்த ஓலைகள், தாள்கள். தாளைத் தொட்டால் ஓரம் உதிர்கிறது. ஆகவே இனிமேல் யாரும் புரட்டப்போவது அந்த ஸ்கேனைத்தான். அதை ‘எவ்ரிஒன்’ கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

என்னிடம் வந்த புகார்கள் எல்லாமே “ஃபோல்டர் திறக்கலை” என்ற ஒரே வாக்கியத்தில்தான் வந்தன. உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோளாறு.

முதல் புகார் கணக்கப்பிள்ளையுடையது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதிலிருந்து நாஸ் பக்கமே போக முடியவில்லை, பழையதில் மட்டும் நன்றாகத் திறக்கிறது. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு விதிகள் அடையாளம் காட்டாத விருந்தினரைத் தடுக்கின்றன என்ற பொருளில் திரையில் ஒரு செய்தி. “எந்த நிறுவனம்மா? ஆச்சி வீட்டுக்கு ஏது நிறுவனம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பெட்டியை முதலில் வைத்தவர்கள் பாஸ்வேர்டே கேட்காத கெஸ்ட் முறையில் ஷேர் செய்திருந்தார்கள். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 அப்டேட்டிலிருந்து, ப்ரோ பதிப்பு போட்ட கம்ப்யூட்டர்கள் இரண்டு விஷயத்தில் கறாராகிவிட்டன. எதிர்ப்பக்கம் இருக்கும் பெட்டி, எஸ்.எம்.பி. (விண்டோஸ் நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் முறை) வழியாக அனுப்பும் ஒவ்வொரு தகவலிலும் டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும். கெஸ்ட்டாக உள்ளே நுழையக் கூடாது. அந்தக் கையெழுத்துக்கான சாவி, பாஸ்வேர்ட் கொடுத்து லாகின் ஆகும்போதுதான் உருவாகிறது. கெஸ்ட்டுக்குப் பாஸ்வேர்ட் இல்லை, அதனால் கையெழுத்தும் இல்லை.

இணையத்தில் தேடினால் இந்த இரண்டு காவலையும் அணைத்துவிடும் வழி சுலபமாகக் கிடைக்கும். பழைய எஸ்.எம்.பி. 1-ஐத் திரும்ப இயக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அந்த எஸ்.எம்.பி. 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். செய்ய வேண்டியது வேறு: பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிப்பது, கெஸ்ட்டை நிறுத்துவது, ஆளுக்கொரு யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுப்பது. ஆளுக்கொரு பெயர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால் யார் எதை மாற்றினார்கள் என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

பெயர் கொடுத்த பிறகு ஒரு சிக்கல் வரும். பலரும் இங்கேதான் பெர்மிஷனைக் குற்றம் சொல்ல ஆரம்பிப்பார்கள். விண்டோஸ் ஒரு சர்வருக்கு ஒரு நேரத்தில் ஒரு யூசர் பெயரில்தான் போகும். முன்பு வேறு பெயரில் திறந்த தொடர்பு உள்ளுக்குள் உயிரோடு இருந்தால், புதுப் பெயரைக் கொடுத்ததும் 1219 என்ற எண்ணோடு மறுக்கும். சில நேரம் மறுக்காமல், உங்களுக்கே தெரியாமல் பழைய பெயரிலேயே அழைத்துக்கொண்டு போகும். அது இன்னும் மோசம். கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரையில் ‘நெட் யூஸ்’ என்று அடித்தால் இப்போது இருக்கும் தொடர்புகள் தெரியும். அவற்றை நீக்கிவிட்டு, கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்து வைத்திருக்கும் பழைய பாஸ்வேர்டையும் அழிக்க வேண்டும். பெர்மிஷன் பக்கத்தைத் திறப்பதற்கு முன்னால் நான் எப்போதும் பார்ப்பது இதைத்தான்: கதவைத் தட்டுவது யார் என்று பெட்டி நினைத்துக்கொண்டிருக்கிறது?

குரூப் விஷயமும் இதோடு சேர்ந்ததே. ஒருவரைப் புதிதாக ஒரு குரூப்பில் சேர்த்தால் அந்த நிமிடமே பலிக்காது. எந்தெந்தக் குரூப்பில் இருக்கிறார் என்பது லாகின் ஆகும்போது எழுதப்படுகிறது. லாக்-ஆஃப் செய்து மறுபடி வர வேண்டும். “சேர்த்தாச்சு, இன்னும் திறக்கலையே” என்று அங்கிருந்து இன்னொரு டிக், அதற்கு மேல் இன்னொரு டிக் என்று போகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது சிங்கப்பூர்த் தம்பி. வி.பி.என். (வெளியூரிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான வழி) வழியாக வருகிறார், ஃபைலைத் திறக்க முடிகிறது, மாற்றி எழுத முடியவில்லை. உள்ளே ஃபோல்டரில் அவர் பெயருக்கு நேரே ஃபுல் கன்ட்ரோல் இருக்கிறது. யார் யாரோ திரும்பத் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியும் எழுத முடியவில்லை. காரணம், பெர்மிஷன் இரண்டு இடத்தில் இருக்கிறது: ஷேருக்கு ஒன்று, அதற்குள் இருக்கும் ஃபைல், ஃபோல்டர்களுக்கு ஒன்று. ஆச்சியிடம் இதை விளக்கும்போது வீட்டையே காட்டினேன். முகப்புக் கதவுக்கு ஒரு சாவி. உள்ளே வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை, அந்த அறைக்குத் தனிச் சாவி. அறைச் சாவி கையில் இருந்தாலும் முகப்பைத் தாண்ட முடியாவிட்டால் பயன் இல்லை. முகப்புச் சாவி மட்டும் இருந்தால் வளவு வரைக்கும்தான். நெட்வொர்க் வழியாக வருகிறவருக்கு இரண்டும் பார்க்கப்படும், இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். தம்பிக்கு ஷேரில் ‘படிக்க மட்டும்’ என்று இருந்தது. உள்ளே எத்தனை முறை ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தாலும் நிலைமை மாறாது. வீட்டுக்குள்ளேயே இருப்பவர் முகப்பைத் தாண்ட வேண்டியதில்லை அல்லவா? அதே போல, ஷேர் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து திறந்து பார்த்தால் உள் பெர்மிஷன் மட்டும்தான் பார்க்கப்படும். “இங்கே நல்லாத் திறக்குதே” என்ற சோதனைக்கு மதிப்பில்லாததும் இதனால்தான்.

நான் வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம் இது. ஷேரில் சம்பந்தப்பட்ட குரூப்களுக்கு மாற்றும் உரிமை வரை கொடுத்துவிட்டு, நுணுக்கமான கட்டுப்பாடு அத்தனையையும் உள்ளே வைப்பேன். கோளாறு வந்தால் ஒரே இடத்தில் பார்த்தால் போதும். உள்ளேயும் தனி ஆள் பெயரே வராது, குரூப் மட்டும்தான். இந்த வீட்டில் ‘பங்காளிகள்’, ‘அலுவலகம்’, ‘ஸ்கேன்’, ‘ஆடிட்டர்’ என்று பிரித்தோம்.

தடை விஷயத்துக்கு வருகிறேன். சம்பள ஃபோல்டரை எல்லாரும் பார்க்க வேண்டாம் என்று யாரோ ‘பங்காளிகள்’ குரூப்புக்கு டினை, அதாவது தடை, போட்டிருந்தார்கள். சம்பளம் கொடுக்கும் பொறுப்பில் இருக்கும் பெரியவர் ‘அலுவலகம்’ குரூப்பிலும் இருக்கிறார், பங்காளியாகவும் இருக்கிறார். ஒரு பக்கம் அனுமதி, ஒரு பக்கம் தடை என்றால் தடைதான் ஜெயிக்கும். ஆகவே பொறுப்பாளருக்கே கதவு சாத்தியாகிவிட்டது. அனுமதி கொடுக்காமல் இருந்தாலே உள்ளே வர முடியாது, தடை என்று தனியாகப் போட வேண்டியதில்லை. இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு: மேல் ஃபோல்டரிலிருந்து வழிவழியாக வரும் தடையை, அந்த ஃபோல்டரிலேயே நேராகக் கொடுத்த அனுமதி ஜெயித்துவிடும். இந்த வரிசையை எல்லா நேரமும் மனதில் வைத்திருக்க யாராலும் முடியாது. அதனால் நான் டினை பக்கமே போவதில்லை. சந்தேகம் இருந்தால் விண்டோஸில் செக்யூரிட்டி பக்கத்தில் அட்வான்ஸ்டு போய், ‘எஃபெக்டிவ் ஆக்சஸ்’ என்ற இடத்தில் ஆளின் பெயரைக் கொடுத்தால், எல்லாக் கூட்டல் கழித்தலும் போக அவருக்கு மிஞ்சுவது என்ன என்று காட்டும். பல நாஸ் பெட்டிகளின் நிர்வாகப் பக்கத்திலும் இப்படி ஒரு வசதி இருக்கிறது.

ஸ்கேன் செய்யும் பெண் ஒரு மாணவி. முடித்த பக்கங்களை ‘வேலையில்’ ஃபோல்டரிலிருந்து இழுத்து ‘முடிந்தவை’ ஃபோல்டரில் போடுவாள். ‘முடிந்தவை’யை எல்லாப் பங்காளிகளும் படிக்கலாம். ஆனால் அவள் போட்ட படங்கள் பெயர் மட்டும் தெரிந்தன, திறக்கவில்லை. ஒரே டிஸ்க் பகுதிக்குள் (வால்யூமுக்குள்) நகர்த்தினால் ஃபைல் தன் பழைய பெர்மிஷனைத் தூக்கிக்கொண்டே வரும். காப்பி செய்தால் மட்டும்தான் புது ஃபோல்டரின் பெர்மிஷனை எடுத்துக்கொள்ளும். ‘வேலையில்’ ஃபோல்டரை ‘ஸ்கேன்’ குரூப் மட்டும் பார்க்கலாம் என்பதால், நகர்ந்து வந்த படங்களுக்கும் அதுவே நீடித்தது. மேல் ஃபோல்டரின் பெர்மிஷனை உள்ளே இருப்பவை எல்லாவற்றுக்கும் மறுபடி பரப்பச் சொல்லி ஓட்டியதும் சரியாகிவிட்டது. இனிமேல் காப்பி செய்துவிட்டு, ஆச்சி பார்த்துச் சரி சொன்ன பிறகு பழையதை நீக்குவது என்று பேசி வைத்திருக்கிறோம்.

இப்போது எக்செல். எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இதுதான், அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான்.

ஆச்சிக்கு ஒரே கவலை. “ஆத்தா, எல்லாரும் பாக்கட்டும், எழுதுறவுக எழுதட்டும். யாரும் எதையும் அழிச்சிப்புடக் கூடாது” என்பார். இதைக் கேட்டு ஒரு பேரன், வரவு செலவு ஃபோல்டரில் எல்லோருக்கும் எழுதும் உரிமையை விட்டுவைத்து, நீக்கும் உரிமையை மட்டும் எடுத்துவிட்டான். நல்ல எண்ணம்தான். அன்றிலிருந்து கணக்கப்பிள்ளையால் எக்செல் கணக்கைச் சேவ் செய்ய முடியவில்லை. அதே ஃபோல்டரில் நோட்பேட் ஃபைல் ஒழுங்காகச் சேவ் ஆகிறது! ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் விசித்திரமான பெயரில் ஏழெட்டு ஃபைல்கள் கிடந்தன. எட்டே எழுத்து, எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்தது, பின்னால் எக்செல் என்ற அடையாளமே கிடையாது. வைரஸோ என்று பயந்துபோயிருந்தார்.

வைரஸ் இல்லை. எக்செல் சேவ் செய்யும் முறையே அப்படி. ஏற்கெனவே இருக்கும் ஃபைலின் மேல் நேராக எழுதாது. அதே ஃபோல்டரில் அந்த எட்டெழுத்துப் பெயரில் ஒரு தற்காலிக ஃபைலை உருவாக்கி, கணக்கு முழுவதையும் அதில் எழுதும். எழுதி முடித்த பிறகு பழைய ஃபைலை நீக்கிவிட்டு, தற்காலிக ஃபைலுக்குப் பழைய பெயரைச் சூட்டும். நடுவில் கரண்ட் போனாலும் பழையது பத்திரமாக இருக்கட்டும் என்பதற்கான ஏற்பாடு. நீக்கும் உரிமை இல்லாதவர் சேவ் கொடுத்தால் முதல் பாதி நடக்கும், இரண்டாம் பாதி நின்றுவிடும். தற்காலிக ஃபைல் அங்கேயே தங்கிவிடும். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒன்று. நோட்பேட் இருக்கிற ஃபைலிலேயே எழுதுவதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. ஆக, நோட்பேட் சேவ் ஆகிறது, எக்செல் ஆகவில்லை என்றால் வேறெங்கும் தேட வேண்டாம், நீக்கும் உரிமையைப் பாருங்கள். அது ஃபைலிலேயே இருக்கலாம், அல்லது ‘உள்ளே இருப்பவற்றை நீக்குதல்’ என்ற பெயரில் மேல் ஃபோல்டரில் இருக்கலாம். ஏதாவது ஒன்றில் இருந்தால் போதும்.

அப்படியானால் ஆச்சியின் கவலைக்கு என்ன பதில்? அழிப்பதைத் தடுப்பது ஒரு வழி, அழிந்தாலும் மீட்பது இன்னொரு வழி. கணக்கு ஃபோல்டருக்கு இரண்டாவதுதான் சரி. நெட்வொர்க் வழியாக நீக்குவது கம்ப்யூட்டரின் ரீசைக்கிள் பின்னுக்கு வராது, நேராகப் போய்விடும் என்பது பலருக்குத் தெரியாது. பெட்டியிலேயே ஒரு ரீசைக்கிள் பின் ஏற்பாடு இருக்கும், அதை இயக்கினேன். அதோடு, ஃபோல்டரின் அந்த நேர நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டும் நேரம் குறித்து வைத்தேன். நேற்று மாலை ஃபோல்டர் எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கொண்டுவரலாம். பழைய ஏடுகளுக்கோ ஆச்சி சொன்னது சொன்னபடியே: ‘முடிந்தவை’யில் மாணவியின் ‘ஸ்கேன்’ குரூப் தவிர மற்ற எல்லோருக்கும் படிக்க மட்டும். ஆச்சி முன்னால் ஒரு படத்தை நானே நீக்கி, ஸ்னாப்ஷாட்டிலிருந்து திருப்பி எடுத்துக் காட்டினேன். “இதை மொதல்லயே சொல்லியிருந்தா அவன் அந்த டிக்கை எடுத்திருக்க மாட்டானே” என்றார்.

பெர்மிஷனே சம்பந்தப்படாத ஒன்றும் இதில் கலந்திருந்தது. தமிழில் பெயர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது. மாணவி ஒவ்வொரு படத்துக்கும் முழு விவரத்தையும் பெயராக வைத்துவிடுவாள்: யாருடைய பேரேடு, எந்த ஊர்க் கடை, எந்த வருடம், எந்தப் பக்கம், கிழிசல் எங்கே. அவளுடைய லேப்டாப்பில் அது சேவ் ஆகும், பெட்டிக்கு ஏற்றினால் மறுக்கும். “பெர்மிஷன் இல்லைக்கா” என்பாள். விண்டோஸில் ஒரு பெயருக்கு 255 எழுத்துக் குறிகள் வரை இடம் உண்டு. நாஸ் பெட்டிக்குள் ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ். அங்கே கணக்கு 255 பைட். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுத்துக்கொள்ளும், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். ‘கணக்கு’ என்பது நம் கண்ணுக்கு நாலு எழுத்து, உள்ளே 6 குறிகள், 18 பைட். அப்படிப் பார்த்தால் ஒரு பெயருக்கு 85 குறிகள்தான் கிடைக்கும். ஃபோல்டரைப் பூட்டிக் குறியாக்கம் செய்து வைத்திருந்தால் சில பெட்டிகளில் அது 47-க்கு இறங்கிவிடும். பெயரைச் சுருக்கச் சொன்னேன். விவரத்தை ஒரு எக்செல் பட்டியலில் எழுதி, படத்துக்கு எண் கொடுத்தால் தேடவும் சுலபம்.

ஆட்கள் மாறும்போது ஒன்று கவனிக்க வேண்டும். மாணவி படிப்பு முடிந்து போனால் அவளுடைய யூசர் கணக்கை உடனே அழித்துவிடாதீர்கள், முடக்கி வையுங்கள். அழித்துவிட்டால் அவள் ஏற்றிய ஃபைல்களில் உரிமையாளர் இடத்தில் பெயருக்குப் பதில் ஒரு நீளமான எண் மட்டும் நிற்கும். பிறகு அதே பெயரில் புதிதாக உருவாக்கினாலும் பழைய எண்ணோடு ஒட்டாது.

ஆடிட்டர் அலுவலகத்துக்கு மட்டும் யூசர் கணக்கிலேயே முடிவு தேதி போட்டு வைத்திருக்கிறேன். அவர்களுக்கு வரவு செலவு ஃபோல்டர் படிக்க மட்டும் திறக்கும், சம்பள ஃபோல்டர் கண்ணுக்கே தெரியாது, செப்டம்பர் 30 தாண்டியதும் லாகின் நின்றுவிடும். அடுத்த வருடம் வேலை தொடங்கும்போது கணக்கப்பிள்ளையே தேதியை நீட்டிக் கொடுக்கலாம். அதற்கான நிர்வாகப் பக்கத்தை அவருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டேன். பாஸ்வேர்ட் ஆச்சியிடம் இருக்கிறது.